பழைய ரேஸ் அவுட்போர்டு மோட்டார்: பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி வள்ளங்களின் மோட்டார்தான் சோறு போடுகிறது. அவற்றுக்கு நடுவே பெஞ்சில் மெர்குரி என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய அவுட்போர்டு ஒன்று நிற்கிறது. அவுட்போர்டு என்றால் படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டுகிற மோட்டார். 1950களில் வந்த மார்க் 20, இரண்டு சிலிண்டர். தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். அதைப் பார்க்கிற எவரும் ஒரு கேள்வியாவது கேட்காமல் போவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அண்ணே, அவுட்போர்டுன்னா நம்ம வள்ளத்துல மாட்டுறது. அதுல போய் யாரு ரேஸ் விட்டா?

மோட்டார் பிறந்தது துடுப்பு வலிக்கிற கஷ்டம் தீரத்தான். நார்வேயில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போன ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரத்தில் 1909இல் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மோட்டாரை அவர் செய்தார், வியாபாரத்தையும் விளம்பரத்தையும் அவர் மனைவி பெஸ் பார்த்தார். அவருக்கு முன்பே சிலர் இப்படிச் செய்து பார்த்ததுண்டு. ஆனால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது எவின்ரூட் மோட்டார்.

1920களில் ஜான்சன் சகோதரர்கள் எடை குறைந்த மோட்டாரோடு போட்டிக்கு வந்தார்கள். யாருடையது வேகம் என்ற கேள்வி ஏரிக்கரையில் தானாகவே எழுந்தது. ஹட்சன் ஆற்றில் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை நெடுந்தூரப் பந்தயமே நடத்தினார்கள். பிற்பாடு பாரிஸ் நகரத்தில் சேன் ஆற்றில் 6 மணி நேரப் பந்தயம் வந்தது. கம்பெனிகளுக்கு இது விளம்பரம். ஓட்டியவர்களில் பலர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை படகோடு கிளம்பியவர்கள்.

நம்ம வள்ளத்து மோட்டாருக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ரெண்டும் டூ ஸ்ட்ரோக்தானே?

அடிப்படை ஒன்றுதான். வள்ளத்து மோட்டார் பாரம் இழுக்க வேண்டும், விடிய விடிய ஓட வேண்டும், கடலுக்குள் வைத்துக் காலை வாரக் கூடாது. ரேஸ் மோட்டாருக்குச் சில நிமிஷம்தான் வேலை. அந்தச் சில நிமிஷத்தில் உள்ள பலம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். அதனால் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருப்பார்கள். சைலன்சர் இருக்காது, புகை திறந்த குழாய் வழியாக நேரே வெளியே வரும். நியூட்ரல் இருக்காது. கீழே கியர் இருக்கும் பெட்டி மீன் மாதிரி ஒல்லியாக இருக்கும். தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடிக்கு (புரொப்பெல்லர்) பெரும்பாலும் இரண்டு இதழ்தான், விளிம்பு கத்தி போல இருக்கும்.

நியூட்ரல் இல்லாவிட்டால் எப்படி ஸ்டார்ட் செய்வார்கள் என்று உடனே கேட்பார்கள். ஓட்டுபவர் படகில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருப்பார். உதவியாள் தண்ணீரில் நின்று, காற்றாடி வெளியே தெரியும்படி படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார். கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு. மோட்டார் பிடித்ததும் கீழே விடுவார், படகு பறந்துவிடும். நம் கரையில் அலை நேரத்தில் வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறுகிறவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை.

ஏ கிளாஸ், பி கிளாஸ்னு சொல்லுதாவளே, அது என்ன கணக்கு?

சிலிண்டர் கொள்ளளவுக் கணக்கு. அமெரிக்கர்கள் கன அங்குலத்தில் சொல்வார்கள். ஏ கிளாஸ் சுமார் 15, பி 20, சி 30, டி 40, எஃப் 60 கன அங்குலம். 20 கன அங்குலம் என்றால் சுமார் 328 சிசி, 60 என்றால் சுமார் 983 சிசி. என் பெஞ்சில் இருப்பது பி கிளாஸ் அளவு.

இதுல பேர் போன மோட்டார் எதெல்லாம்?

1930களில் ஜான்சனின் பி.ஆர். மோட்டார் சி கிளாஸில் ராஜாவாக இருந்தது. படுத்த மாதிரி எதிரெதிரே இரண்டு சிலிண்டர், பெட்ரோல் கலவை உள்ளே போவதற்குச் சுழலும் வால்வு. எஃப் கிளாஸில் எவின்ரூட்டின் 4-60, நான்கு சிலிண்டர். இவை இரண்டையும் பல வருஷம் கழித்தும் ரேஸ்காரர்கள் விடாமல் வைத்து ஓட்டினார்கள்.

பிறகு வந்தவர் கார்ல் கீக்ஹேஃபர். 1939இல் விஸ்கான்சினில் ஒரு நொடித்த கம்பெனியை வாங்கினார். அங்கே விற்க முடியாமல் திரும்பி வந்து கிடந்த அவுட்போர்டு மோட்டார்களைச் சரிசெய்து விற்றதிலிருந்து மெர்குரி கம்பெனி வளர்ந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மெர்குரியில் சாதாரண மோட்டாரையே அடிப்படையாக வைத்து ரேஸ் மாடல் செய்தார்கள். மார்க் 20க்கு மார்க் 20ஹெச், ஆறு சிலிண்டர் மார்க் 75க்கு மார்க் 75ஹெச். ஹெச் என்ற எழுத்து ரேஸ் படகைக் குறிக்கும். 1958இல் ஹியூபர்ட் என்ட்ராப், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியில் மார்க் 75 மோட்டாரோடு மணிக்கு 107 மைலைத் தாண்டினார். நம் கணக்கில் 173 கிலோமீட்டர். அதே ஆள் 1960இல் எவின்ரூட் மோட்டாரோடு ஹவாசு ஏரியில் 122 மைலைத் தாண்டினார்.

இல்லினாய் மாகாணத்தில் குவின்சி என்ற ஊரில் ஓ.எஃப்.கிறிஸ்ட்னர் என்பவருக்கு வெல்டிங் பட்டறை. அவர் மெர்குரி மோட்டார்களைப் பிரித்து மாற்றியமைத்து, கம்பெனி மோட்டாரையே முந்தும்படி செய்தார். பெரிய தொழிற்சாலை எதுவும் அவரிடம் கிடையாது. ஊர்ப் பட்டறைதான்.

மாமா, கோனிக்னு ஒரு மோட்டார் பைக் ரேஸ்லயும் ஓடிச்சுன்னு ஃப்ரெண்டு சொல்றான். நெசமா?

உண்மை. யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிற பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டேன். பெர்லினில் டீட்டர் கோனிக் குடும்பத்தின் கம்பெனி ரேஸ் அவுட்போர்டு செய்தது. 1960, 70களில் உலகமெங்கும் பந்தயங்களில் அந்த மோட்டார்கள் ஜெயித்தன. அங்கே வேலை பார்த்த நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப், படகில் மாட்டுகிற அந்த 500 சிசி நான்கு சிலிண்டர் மோட்டாரை ஒரு பைக் சட்டத்தில் பொருத்தினார்.

அதை ஓட்டியும் காட்டினார். 1973இல் யுகோஸ்லாவியா கிராண்ட் பிரீயில் முதலாவதாக வந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனார். அதுவரை எடுத்திருந்த புள்ளிகளே போதுமானதாக இருந்ததால், அந்த வருஷ உலகப் போட்டியில் 500 சிசி பிரிவில் இரண்டாம் இடம் அவர் பெயரில் பதிவானது. பெரிய கம்பெனிகளின் பைக்குகளுக்கு நடுவில், ஒரு படகு மோட்டார்.

பழைய மோட்டார் ஒண்ணு கெடச்சிருக்கு. இது ரேஸ் மோட்டாரா சாதா மோட்டாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அடையாளங்களை முதலில் பாருங்கள்: நியூட்ரல் இல்லாதது, ஒல்லியான கீழ்ப்பெட்டி, திறந்த புகைக்குழாய். பெயர்த் தகட்டில் மாடல் எண்ணைப் பாருங்கள். தகடு இல்லையென்றால் பிளாக்கில் அடித்த எண்ணைத் தேடுங்கள். அழுக்கின் மேல் தண்ணீர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். சீமெண்ணெயில் நனைத்த துணி போதும்.

அடுத்து உள்ளே பார்க்க வேண்டும். புகை மூடியைக் கழற்றி, பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடியுங்கள். கம்பெனியில் வார்த்த துவாரம் சொரசொரப்பாக, ஓரம் மழுங்கலாக இருக்கும். என் மார்க் 20 வெளியே பார்க்கச் சாதாரண மோட்டார். புகைத் துவாரத்தின் மேல் ஓரத்தில் மட்டும் சாய்வாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன, இடமிருந்து வலம், எல்லாம் ஒரே சாய்வில். அரம். வேகம் கூட்ட யாரோ ஒருவர் கையால் அராவித் துவாரத்தை உயர்த்தியிருக்கிறார். மேல் சிலிண்டரில் கோடு சீராக இருக்கிறது. கீழ் சிலிண்டரில் கை எட்டாமல் ஒரு மூலையில் லேசாக வழுக்கியிருக்கிறது. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போல்ட் ஒண்ணும் அசைய மாட்டேங்கு. சுத்தியல் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ரேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் நல்ல தண்ணீர் ஏரிகளில் ஓடியவை. நம் பக்கம் வந்து கிடப்பவை உப்புத் தண்ணீரையும் உப்புக் காற்றையும் பார்த்தவை. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து உப்பும் சேர்ந்தால் வெள்ளை மாவு மாதிரி உப்பிப் பிடித்துக்கொள்ளும். சீமெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒரு வாரம் ஊற வையுங்கள், தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தானாக விடும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். பெட்ரோல் டேங்கும் கார்பரேட்டரும் கழற்றி வெளியே போன பிறகுதான் பட்டறையில் நெருப்பு.

நான் இந்த மெர்குரியில் அவசரப்பட்டு ஒரு போல்ட்டை முறித்தேன். முறிந்த துண்டை எடுக்க லேத்துப் பட்டறையில் 2 நாள் போனது. கிராங்க் தலையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கும் இதே எச்சரிக்கை. புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு எடுக்க வேண்டும். கிராங்க் தலையில் அடித்தால் அந்த அடி கீழே இருக்கும் பேரிங் வரைக்கும் போகும்.

பிரிச்சாச்சு. திரும்ப மாட்டும்போது எதுல தப்பு வரும்?

இரண்டு இடத்தில். முதலாவது, அந்தக் காலத்து மெர்குரியில் கனெக்டிங் ராடுக்கு உள்ளே ஊசி உருளைகள் கூடு இல்லாமல் உதிரியாக இருக்கும். ராடு மூடியைத் திறந்ததும் மழைத்துளி மாதிரி கொட்டிவிடும். கீழே ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு திறங்கள். ஒவ்வொரு ராடுக்கும் தனிக் கிண்ணம், எண்ணிப் பார்த்துச் சீட்டில் எழுதி அதிலேயே போடுங்கள். மாட்டும்போது வாசலினைத் தடவி ஒவ்வொன்றாக ஒட்ட வையுங்கள். ஒன்று குறைந்தாலும் ஓட்டக் கூடாது.

இரண்டாவது, பிஸ்டன் திசை. இந்த மோட்டார்களில் பிஸ்டன் தலை பைக் பிஸ்டன் மாதிரி தட்டையாக இருக்காது, ஒரு மேடு இருக்கும். மேட்டின் செங்குத்தான பக்கம் கலவை உள்ளே வரும் துவாரத்தைப் பார்க்க வேண்டும், சரிவான பக்கம் புகைத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதுக் கலவை நேரே புகையோடு வெளியே போய்விடும். மோட்டார் ஓடும், ஆனால் பலம் இருக்காது. ஏன் என்று தெரியாமல் கார்பரேட்டரை நோண்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஸ்பார்க் வரலியே அண்ணாச்சி. காயில் போச்சா?

முக்கால்வாசி நேரம் காயில் போயிருக்காது. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடுகிற பாயின்ட் மேல் பச்சை பூத்திருக்கும். மெல்லிய தாளை நடுவில் விட்டு இழுங்கள், போகாவிட்டால் பாயின்ட் அரம் போடுங்கள். அடுத்தது கண்டன்சர், அதற்கு அடுத்து ஒயரின் மேல்தோல். இவ்வளவும் சரி என்று உறுதியான பிறகுதான் காயில். காயில் சுற்றித் தருகிற கைகள் திருநெல்வேலியில் இன்னும் இருக்கின்றன. பழைய காயிலின் மையத் தகட்டை எறியாமல் அதோடு கொடுங்கள்.

இப்ப வர்ற இருபது பர்சன்ட் எத்தனால் பெட்ரோல் ஊத்தலாமா? சீமெண்ணெயில ஓடுமா?

சீமெண்ணெய் வேண்டாம். வள்ளத்து மோட்டார் அதற்கு ஏற்ற அழுத்தத்தில் ஓடுகிறது. ரேஸ் மோட்டாரில் அழுத்தம் அதிகம், சீமெண்ணெய் நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனைத் தின்றுவிடும்.

எத்தனால் பெட்ரோலில் சிக்கல் வேறு. பழைய கார்பரேட்டரில் மிதவை தக்கையால் செய்து அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்பரேட்டர் வழியும். பழைய ரப்பர் குழாயும் ஊதிப்போகும். எத்தனாலைத் தாங்குகிற பூச்சு போட்ட மிதவையும் புதுக் குழாயும் மாட்டிவிட்டு ஓட்டுங்கள், ஓட்டி முடித்ததும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் 16க்கு 1 கலக்கிறேன், லிட்டருக்கு 60 மில்லிக்குச் சற்று மேல்.

கார்பரேட்டரின் பித்தளையைச் சுத்தம் செய்ய என்ன மருந்து என்றும் இதோடு சேர்த்தே கேட்பார்கள். வீட்டில் குத்துவிளக்குக்குப் போடுகிற புளி. பித்தளைக்கும் வெண்கலக் காற்றாடிக்கும் மட்டும், அலுமினியத்தில் வேண்டாம்.

அந்தக் காலத்துல விளக்கெண்ணெய் ஊத்தி ஓட்டுனாங்களாமே? நாமளும் ஊத்திப் பாப்போமா?

ஊற்றியது உண்மைதான். ரேஸ் மோட்டார் பல மெத்தனாலில் ஓடின. சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கலக்காது, ஆமணக்கெண்ணெய் கலக்கும். சூட்டிலும் அது உலோகத்தை விட்டு எளிதில் நழுவாது. பந்தயக் கரை முழுக்க அந்த எரிந்த விளக்கெண்ணெய் வாசம்தான் அடித்திருக்கும். என் மோட்டாரைப் பிரித்தபோது கிராங்க் கேஸில் தேன் நிறத்தில் பிசின் மாதிரிப் படிந்திருந்தது. சூடாக்கியதும் பட்டறையில் பாட்டி வீட்டு அடுக்களை வாசம். ரேஸ் ஓடியிருக்கிறது என்பதற்கு அரத்தின் கோடுகளுக்கு அடுத்த சாட்சி அது.

ஆனால் நீங்கள் ஊற்ற வேண்டாம். கடையில் வாங்குகிற விளக்கெண்ணெயில் பசை அதிகம், ரிங் ஒட்டிக்கொள்ளும். இன்றைய பெட்ரோலிலும் அது சரியாகக் கலந்து நிற்காது. மெத்தனாலைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். அது கொடிய விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. பழைய கார்பரேட்டரில் மெத்தனாலுக்கான பெரிய ஜெட் (எரிபொருள் வரும் துளை) இருந்தால், அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் பெட்ரோல் ஜெட் போடுங்கள். மெத்தனாலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிபொருள் வேண்டும், அந்த ஜெட்டில் பெட்ரோல் விட்டால் பிளக் நனைந்துகொண்டே இருக்கும்.

டிரம்முல போட்டு ஓட்டலாமா? இல்ல தாமிரபரணில ஒரு சுத்து விடலாமா?

டிரம்மில் ஓட்டலாம், இரண்டு எச்சரிக்கையோடு. பல ரேஸ் மோட்டார்களில் தண்ணீர் பம்ப் கிடையாது. படகு பாய்கிற வேகத்தில்தான் தண்ணீர் உள்ளே ஏறும். டிரம்மில் நிற்கிற மோட்டாருக்குத் தண்ணீர் ஏறாது, ஹோஸ் குழாயை நேரே மாட்டிவிட வேண்டும். அடுத்து, நியூட்ரல் இல்லாததால் பிடித்த நொடியே காற்றாடி சுற்றும். காற்றாடியைக் கழற்றுங்கள், த்ராட்டிலை ஏற்றாதீர்கள். பாரம் இல்லாமல் முறுக்கினால் மோட்டார் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். சில நொடி ஓடினால் போதும். சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தாமிரபரணியில் வேண்டவே வேண்டாம். பல மாவட்டம் குடிக்கிற தண்ணீர் அது, இந்த மோட்டார் ஆயிலைப் புகையோடு தண்ணீரில் துப்பும். கூந்தன்குளம் பக்கம் ஒரு குளத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அங்கே பறவைகள் கூடு கட்டியிருக்கும். இந்தச் சத்தத்தை அவற்றின் தலையில் போட எனக்கு மனசு வராது.

நல்லா மணல் அடிச்சு, பெயிண்ட் அடிச்சு, குரோம் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிரலாமே தம்பி?

ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் அன்போடு கேட்டது. ஆக்கலாம். ஆனால் செய்யமாட்டேன். புதுசாகக் கடையில் நின்ற மோட்டார் எப்படி இருந்தது என்பதற்குப் படங்கள் இருக்கின்றன. இந்த ஒரு மோட்டார் எங்கே போனது, யார் கை பட்டது என்பதற்கு மோட்டாரைத் தவிர வேறு ஏடு கிடையாது. துவாரத்தில் அரத்தின் கோடு, கவ்வியில் மரப்படகு பதித்த தழும்பு, யாரோ எடை குறைக்கப் போட்ட ஓட்டைகள், எல்லாம் எழுத்து. மணல் அடித்தால் அழிவது அந்த எழுத்து.

துருவை நிறுத்துங்கள், உப்பைக் கழுவுங்கள், விரிசலை அடைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பெயிண்டின் மேல் மெல்ல எண்ணெய் தடவுங்கள். பெயிண்ட் அறவே போயிருந்தால் அடிக்கலாம், அதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

வித்தா என்ன வெலைக்குப் போகும்?

முழுசாக, எண்ணோடு, மாற்றாத ரேஸ் மோட்டாருக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய அவுட்போர்டுக்கென்றே 1965லிருந்து அமெரிக்காவில் ஒரு சங்கம் நடக்கிறது. இங்கே இரும்பு விலைதான் சொல்வார்கள். அந்த விலைக்கு உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள், என்னிடமாவது ஒருமுறை காட்டுங்கள்.

எவின்ரூட் கம்பெனியையே மூடிட்டாங்களே, சாமானுக்கு எங்க போக?

2020இல் எவின்ரூட் மோட்டார் செய்வதை நிறுத்தினார்கள், அது சரிதான். ஆனால் 1950களின் மோட்டாருக்கு அதற்கு வெகுநாள் முன்பே கம்பெனியில் சாமான் கிடையாது. நாமே செய்ய வேண்டியதுதான். கேஸ்கெட்டை அளவு எடுத்துத் தாளில் வெட்டலாம். ஆயில் சீல், பேரிங் பல நேரம் அளவு சொன்னால் கடையிலேயே கிடைக்கும், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு போங்கள். காற்றாடி இதழ் உடைந்திருந்தால் அம்பாசமுத்திரம் பக்கம் வெண்கலம் வார்க்கிறவர்கள் கைகொடுப்பார்கள். மோட்டாரைத் திரும்பப் பூட்டும் வேலையில் உவரிக் கரை மெக்கானிக்குகளை மிஞ்ச ஆள் இல்லை. அவர்களில் ஒருவர் என் மெர்குரியின் கீழ்ப்பெட்டி சத்தத்தைக் காதில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டே, எந்தப் பேரிங் என்று சொன்னார். பிரித்துப் பார்த்தோம், அதேதான்.

பிஸ்டன் தேஞ்சு போச்சு. வேற பிஸ்டன் போட்டா பழைய மோட்டார்ங்கிற மதிப்பு போயிருமா?

எனக்கே மாதக்கணக்கில் இருந்த கேள்வி. பைக் பிஸ்டன் ஒத்துவராது, தலை மேடு பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அதே மாதிரி மேடு உள்ள பிஸ்டன் தேட வேண்டும், அல்லது வார்த்துக் கடைய வேண்டும். அந்தக் காலத்து ரேஸ்காரர்களும் பிஸ்டனை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள், அதனால் மாற்றுவது மோட்டாரின் வரலாற்றுக்கு விரோதம் இல்லை. சிலிண்டரை மட்டும் யோசிக்காமல் போர் அடிக்க, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்க, கொடுக்காதீர்கள். போர் அடித்தால் துவாரத்தின் ஓரமும் கொஞ்சம் போகும், அரத்தின் அந்தக் கோடுகளும் அதோடு போகலாம்.

என்னுடையதில் கீழ் பிஸ்டனை மட்டும் மாற்றினேன், சிலிண்டரை உள்ளே லேசாக உரசி ஹோன் மட்டும் செய்தேன். எடுத்த பிஸ்டன் பெஞ்சுக்கு மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. எந்தச் சிலிண்டர், எந்தத் தேதியில் எடுத்தது, பிஸ்டனின் கீழ்ப் பகுதியான பாவாடையில் எந்தப் பக்கம் தேய்மானம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போட்டிருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த மோட்டாரைப் பிரிக்கிறவர் பாட்டிலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பிளாக்கில் கட்டிய அட்டையிலும் எழுதியிருக்கிறேன்.